திருகாணியைத் தொடுவதற்கு முன்

2008 ஆகஸ்ட் 11. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச்சுற்று தொடங்க இருந்தது. தகுதிச்சுற்றில் 600-க்கு 596 எடுத்து நான்காவதாக வந்திருந்த அபினவ் பிந்த்ரா, இறுதிக்கு முன் எல்லோருக்கும் தரப்படும் சோதனை நேரத்தில் முதல் குண்டைச் சுட்டார். அது போய் விழுந்த இடம் 4-ஆம் வளையம்.

அந்த நாலின் அளவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 10 மீட்டர் இலக்கு அட்டையில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதைச் சுற்றி ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. அகலம். 4.5 மி.மீ. குண்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே அந்த மதிப்பெண் உண்டு. ஆகவே பத்து என்பது குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் இருப்பது. நாலு என்பது 15 மி.மீ.க்கும் மேல் தள்ளிப்போவது. சற்று முன்புதான் அறுபது குண்டுகளில் மொத்தமே 4 புள்ளிகளை இழந்த ஒருவரின் கை, ஒரே குண்டில் ஒன்றரை சென்டிமீட்டர் தவறாது. கை தவறும் விதத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. இது அந்த எல்லைக்கு வெகு வெளியே. ஆக, மாறியிருப்பது கருவி. இடைவேளையில் தன் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவியான சைட்டை யாரோ திருப்பியிருக்கிறார்கள் என்று பிந்த்ரா பின்னாளில் தன் வாழ்க்கை நூலில் எழுதினார். யார், ஏன் என்ற விசாரணைக்கு அப்போது நேரமில்லை. இருந்த சில நிமிடங்களில் சைட்டைத் திருகித் திருகி மையத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு கிளிக் திருகினால் குண்டு கால் மி.மீ. நகரும் என்று வைத்தால், ஏறக்குறைய 60 கிளிக். அதன் பிறகு இறுதிச்சுற்றில் 104.5 எடுத்தார். கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் அவரும் சமநிலை. பிந்த்ரா 10.8 சுட்டார், ஹாக்கினன் 9.7. மொத்தம் 700.5. தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

அந்தத் தங்கத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தச் சில நிமிடங்களின் நோய்க்கணிப்பு. தவறு கையிலா, கருவியிலா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாமல் ஒரு திருகாணியைத் தொட்டால், இருந்த ஒரு கோளாறு இரண்டாகிவிடும். இந்த அத்தியாயம் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

காஞ்சிபுரத்தில் இந்தக் கேள்வி புதிதல்ல. பிள்ளையார்பாளையத்தைத் தாண்டி வேகவதிக் கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற ஊர். அங்கே பட்டுத்தறியில் உட்கார்ந்தவர்கள் குறை கண்டுபிடிக்கும் முறையைக் கவனியுங்கள். சேலையின் நீளம் நெடுக ஒரே இழை விட்டுப்போயிருந்தால் அவர்கள் விழுதையும் அச்சையும் பார்ப்பார்கள். ஒவ்வொரு புட்டாவிலும் அதே இடத்தில் அதே பிசகு என்றால் ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தப்பியிருக்கும். எங்கோ ஓரிடத்தில் மட்டும் ஊடை தளர்ந்திருந்தால் அது கை. தறியை அவிழ்த்துப் பார்த்து அல்ல, துணியைப் பார்த்தே முடிவுக்கு வருகிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் பிழைக்கு ஒரு நிலையான காரணம் உண்டு. ஒழுங்கில்லாமல் சிதறி வரும் பிழைக்குக் காரணம் வேறு வகை. அறிவியல் இவற்றை முறைப்பிழை என்றும் தற்செயல் பிழை என்றும் பிரிக்கிறது. இலக்கு அட்டையைப் படிப்பதற்கும் இந்தப் பிரிவினைதான் அகர முதல.

இனி, திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மாணவி இந்த விளையாட்டைக் கற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தறி போடுவதற்காகவே நீளமாகக் கட்டிய வீடு. தெருவாசலிலிருந்து கொல்லை வரை 10 மீட்டர் நேர்கோடு கிடைத்துவிடுகிறது. கோடியில் குண்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பெட்டி, அதன் பின்னே சுவர், சுடும் நேரத்தில் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கியின் குண்டு சுமார் 0.53 கிராம், வேகம் வினாடிக்கு 170 மீட்டர் அளவில், ஆற்றல் 7.7 ஜூல்தான். மகாவீரரின் கதையையும் நேமிநாதரின் கதையையும் கூரை ஓவியமாகத் தாங்கி நிற்கும், கொல்லாமையைப் போற்றும் சமணரின் திரைலோக்கியநாதர் கோயில் இருக்கும் ஊரில் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இந்தக் கருவி காகிதத்துக்காக உருவானது. ஆனால் இதே ஆற்றல் ஓர் அணிலைக் கொல்லும், ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கும். காகிதத்தைத் தவிர வேறெதன் பக்கமும் குழல் திரும்பக் கூடாது.

அவள் மூன்று மாதமாக நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தாள். இப்போது குண்டுகள் கண்டபடி போகின்றன. அவள் வாயில் வரும் முதல் வாக்கியம், எந்த ஊர் ரேஞ்சிலும் கேட்கும் அதே வாக்கியம்: “அண்ணா, ரைஃபிள் கெட்டுப்போச்சு.” கெட்டிருக்கலாம். அட்டையைக் கேட்போம்.

குண்டின் பயணத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விசையை அழுத்தியதும் வால்வு திறந்து, அழுத்தக் காற்று குண்டின் பாவாடை போன்ற பின்பகுதியை விரித்துக் குழலின் சுருள் வரிகளில் கடிக்க வைக்கிறது. சுழன்றபடி வெளியேறும் குண்டு 10 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.06 வினாடி. அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை 17 மி.மீ. கீழே இழுத்துவிடுகிறது. சைட்டைச் சரிசெய்வது என்றால், இந்த 17 மி.மீ. விழுவதை ஈடுகட்டும் அளவுக்குக் குழலை மேல்நோக்கிச் சாய்த்து வைப்பதுதான். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி சந்தேகங்களுக்கு நாமே தீர்ப்பு எழுதிவிடலாம்.

அட்டையில் அவள் பார்க்க வேண்டிய முதல் விஷயம் மதிப்பெண் அல்ல. துளைகள் நெருங்கிக் கிடக்கின்றனவா? நெருங்கிக் கிடந்து, ஆனால் மையத்தை விட்டு மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், அது முறைப்பிழை, ஆபத்தில்லாத நோய். சைட்டைத் திருகினால் அது குணமாகிவிடும். பிந்த்ராவுக்கு நடந்தது அதுதான். துளைகள் மையத்தைச் சுற்றியே சிதறிக் கிடந்தால் சைட்டைத் தொடவே கூடாது. சிதறலைச் சைட்டால் சரிசெய்ய முடியாது. இடப்பக்கம் ஒன்று போனதும் வலப்பக்கம் ஒரு கிளிக், மேலே ஒன்று போனதும் கீழே ஒரு கிளிக் என்று ஒவ்வொரு குண்டையும் துரத்திக்கொண்டு திருகுபவர் சிதறலைக் கூட்டிக்கொண்டே போவார். புதிதாகக் கற்பவர்களின் அட்டைகளில் நான் அதிகம் கண்ட நோய் இது. துப்பாக்கி எந்தக் குற்றமும் செய்திருக்காது.

அடுத்தது வடிவம். துளைகள் மேலும் கீழுமாக நீண்டு கிடந்தால் உடனே எல்லோரும் சொல்வது: “காற்றழுத்தம் சரியில்லை, வேகம் ஏறி இறங்குது.” கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகம் 170-இலிருந்து 168-க்குக் குறைந்தால் குண்டு 0.4 மி.மீ. கூடுதலாக விழும். 160-க்குக் குறைந்தால் 2.2 மி.மீ. அட்டையில் துளைகள் 8 மி.மீ. உயரத்துக்கு நீண்டிருந்தால், அதை வேகம் மட்டுமே செய்ய வேண்டுமென்றால் 170-க்கும் 140-க்கும் இடையே அது அலைய வேண்டும். அவ்வளவு அலைந்தால் வெடியோசையே மாறும், காது சொல்லிவிடும். அப்படி இல்லையென்றால் வேகம் நிரபராதி. மேல்கீழ் நீட்சிக்கு மூச்சுதான் பெரும்பாலும் காரணம். மூச்சை ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் நிறுத்தினால் தோளும் துப்பாக்கியும் வேறு வேறு உயரத்தில் நிற்கும். கன்னம் கட்டையில் பதியும் இடம் மாறினாலும் இதே விளைவு. சந்தேகப்படுவதற்கு முன் ஒரு பெருக்கல் போட்டுப் பார்ப்பது எவ்வளவு திருகாணிகளைக் காப்பாற்றுகிறது என்று வியக்கிறேன்.

பக்கவாட்டில் நீண்டால்? இங்கே துப்பாக்கியின் சாய்வைப் பார்க்க வேண்டும். 17 மி.மீ. ஈடுகட்டல் நேர்மேலே இருக்கும் வரைதான் சரி. துப்பாக்கியை வலப்பக்கம் 5 பாகை சாய்த்தால் அந்த ஈடுகட்டலும் வலப்பக்கம் சாய்கிறது. புவியீர்ப்போ பழையபடி நேர்கீழேதான் இழுக்கிறது. விளைவாகக் குண்டு ஒன்றரை மி.மீ. வலப்பக்கம் ஒதுங்கும். பத்தின் ஆரமே 2.5 மி.மீ. என்பதை மறக்க வேண்டாம். எப்போதும் ஒரே அளவு சாய்த்துப் பிடிப்பவர்கள் உலகத் தரத்தில்கூட இருக்கிறார்கள்; அதில் தவறில்லை. சாய்வு குண்டுக்குக் குண்டு மாறுவதுதான் தவறு. முன் சைட்டிலோ குழலின் மேலோ சின்ன ரசமட்டக் குமிழி பொருத்துவது இதற்காகத்தான்.

இன்னொரு வடிவம் இருக்கிறது. பார்த்தவுடன் எனக்கு மகிழ்ச்சி தருவது அது, ஏனென்றால் அது பொய் சொல்லாது. துளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு கூட்டமும் இறுக்கமாக இருக்கும். மனிதக் கை இப்படிச் சிதறுவது அரிது. ஏதோ ஒன்று தளர்ந்து இரண்டு நிலைகளுக்கு இடையே தாவிக்கொண்டிருக்கிறது. சைட்டைத் தண்டவாளத்தில் பிடித்திருக்கும் ஆணியாக இருக்கலாம், குழலைக் கட்டையோடு இணைக்கும் ஆணியாக இருக்கலாம். கண்ணருகே இருக்கும் பின் சைட்டுக்கும் குழல்முனை முன் சைட்டுக்கும் இடையே 75 செ.மீ. தூரம் என்று கொள்வோம். பின் சைட் 0.1 மி.மீ., அதாவது ஒரு தாளின் தடிமன் அளவு ஆடினால், 10 மீட்டரில் அது 1.3 மி.மீ. ஆகிவிடும். இங்கே திருகாணியைத் தொடலாம், தொட வேண்டும். ஆனால் இறுக்குவதற்கு என்று உற்பத்தியாளர் ஓர் அளவு சொல்லியிருப்பார். அந்த அளவோடு நிறுத்த வேண்டும். கட்டையாணியைக் கண்மூடித்தனமாக முறுக்கினால் உலோகமே லேசாக வளைந்து புதிய கோளாறு பிறக்கும்.

இறுக்கமான கூட்டம், அதிலிருந்து ஒன்றிரண்டு மட்டும் தனியே ஓடியவை. இதைப் பார்த்தால் முதலில் குண்டு டப்பாவைத் திறக்க வேண்டும். ஈயம் மென்மையானது. டப்பா ஒரு முறை கீழே விழுந்தாலே சில குண்டுகளின் பாவாடை விளிம்பு நசுங்கிவிடும். நசுங்கிய பக்கம் காற்று முந்திக்கொண்டு வெளியேறி, குண்டு குழலைவிட்டு வரும் கணத்தில் அதன் வாலைத் தட்டிவிடுகிறது. குழல்முனையின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் இதேதான் நடக்கும். வேறுபாடு என்னவென்றால், குண்டின் குறை ஒன்றிரண்டு துளைகளை மட்டும் துரத்தும். குழல்முனையின் குறை எல்லாத் துளைகளையும் கலைக்கும். குழலைச் சுத்தம் செய்கிறேன் என்று முனைப்பக்கமிருந்து இரும்புக் கம்பியை விட்டு அந்த விளிம்பைத் தானே கெடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கம்பளி உருண்டையைக் குண்டு போடும் பக்கமிருந்து செலுத்துவதே சரி. சுத்தம் செய்த பின் குழல் பழைய நிலைக்குத் திரும்பச் சில குண்டுகள் பிடிக்கும். அவற்றை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இதுவரை அட்டை பேசியதைக் கேட்டோம். அட்டை சில சமயம் ஒன்றும் சொல்லாமலே சொல்வது போலத் தோன்றும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கேதான் நல்ல மூளைகளும் ஏமாறுகின்றன. ஐந்து குண்டு சுட்டு, துளைக்கூட்டத்தின் அகலத்தை அளந்து, “நேற்று 5 மி.மீ., இன்று 8 மி.மீ., ஏதோ ஆகிவிட்டது” என்று முடிவு கட்டுவது பலரின் வழக்கம். அதே துப்பாக்கி, அதே குண்டு, அதே கை, எதுவும் மாறவில்லை என்றாலும் ஐந்து குண்டுக் கூட்டங்களின் அகலம் ஒன்று இன்னொன்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காவது வெறும் தற்செயலாலேயே நடக்கக்கூடியது. குண்டுகளின் எண்ணிக்கையும் விளையாடும். பத்துக் குண்டுக் கூட்டம், அதே திறமையோடு சுட்ட ஐந்து குண்டுக் கூட்டத்தைவிடச் சராசரியாக நான்கில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஓரத்துக்கு ஓடும் வாய்ப்புகள் அதிகம். மூன்று குண்டு சுட்டுப் பார்த்துத் துப்பாக்கியைப் புகழ்பவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார். கூட்டத்தின் மையத்தைக் கண்டு, ஒவ்வொரு துளையும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அளந்து சராசரி எடுப்பது நல்லது. அகலத்தை இரண்டு துளைகளே தீர்மானித்துவிடுகின்றன. சராசரித் தூரத்தில் எல்லாத் துளைகளுக்கும் பங்கு உண்டு.

இனிக் கையையும் கருவியையும் பிரிக்கும் சோதனை. துப்பாக்கியை ஒரு கனமான மேசையில் பொருத்திய பிடிக்கருவியில் இறுக்கிவைத்து, மனிதர் விசையை மட்டும் அழுத்திப் பத்துப் பத்தாகச் சுடுவது. போட்டித் துப்பாக்கி வாங்கும்போது தொழிற்சாலையே இப்படிச் சுட்ட ஒரு சிறு அட்டையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவதுண்டு. அது துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ், தொலைக்கக் கூடாது. வீட்டில் பிடிக்கருவி இல்லாவிட்டால் மணல்மூட்டை மேல் கட்டையை வைத்துச் சுடலாம். குழலையோ சிலிண்டரையோ மூட்டை தொடக் கூடாது. தொட்டால் சோதனையே புதிய பிழையைக் கொண்டுவரும்.

இப்போது ஒரு கணக்கு. இரண்டு தற்செயல் பிழைகள் சேரும்போது அவை நேராகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களும் கூடி, அதன் வர்க்கமூலம்தான் மொத்தச் சிதறல். நம் மாணவியின் கைச்சிதறல் 3 மி.மீ., துப்பாக்கியின் சிதறல் 1 மி.மீ. என்றால் மொத்தம் 4 அல்ல, 3.16. அவள் அப்பா தறிக் கூலியில் மிச்சம் பிடித்து, துப்பாக்கியின் சிதறலைப் பாதியாக்கும் புதிய குழல் வாங்கித் தருகிறார் என்று வையுங்கள். மொத்தம் 3.04 ஆகும். அவ்வளவு பணத்துக்கும் கிடைத்தது 0.12 மி.மீ. அதற்குப் பதில் ஆறு மாதப் பயிற்சியில் கையை 2 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் மொத்தம் 2.24. கற்பவர்களுக்குப் பணச்செலவு வைக்கும் ஆலோசனைகளைச் சொல்வதற்கு முன் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஏழை வீட்டுப் பிள்ளைகளை இந்த விளையாட்டிலிருந்து விரட்டுவதில் தேவையற்ற செலவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

உச்சத்தில் இருப்பவர்களுக்கு இதே சூத்திரம் வேறு விடை தரும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானின் ஷிம்கெண்டில் நடந்த ஆசியத் துப்பாக்கி சுடும் சாம்பியன்ஷிப்பில் 24 குண்டுகளில் 253.6 எடுத்துத் தங்கம் வென்றார். குண்டுக்குச் சராசரி 10.57. பத்துக்குள் ஒவ்வொரு தசமப் படியும் கால் மி.மீ. என்பதால், அவருடைய குண்டுகள் மையத்திலிருந்து சராசரியாக ஒரு மி.மீ. தூரத்தில் விழுந்திருக்கின்றன. அந்த ஒரு மி.மீ.க்குள் அவர் கையும் துப்பாக்கியும் குண்டும் எல்லாம் அடக்கம். அந்த நிலையில் துப்பாக்கியில் கால் மி.மீ. மிச்சம் பிடிப்பதும் பதக்கத்தை மாற்றும்.

அதனால்தான் அவர்கள் குண்டைத் தேர்ந்தெடுப்பதில் அத்தனை பாடுபடுகிறார்கள். போட்டிக் குண்டுகள் 4.48, 4.49, 4.50, 4.51 என்று தலை விட்டத்தில் நூறில் ஒரு மி.மீ. வேறுபாட்டோடு விற்கின்றன. எந்தக் குழலுக்கு எது ஒத்துப்போகும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்த கோட்பாடு கிடையாது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும். பிடிக்கருவி இல்லாமல் கையால் சுட்டுச் சோதித்தால் ஒரு நுட்பமான பொறி காத்திருக்கும். விலை அதிகமான டப்பா நல்லது என்று மனம் முன்பே முடிவு செய்திருந்தால், அந்தக் குண்டுகளுக்குக் கை இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டும். மருந்துச் சோதனைகளில் செய்வதை இங்கும் செய்யலாம். தம்பி இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போகட்டும். ஒரு தாளில் ரகசியமாகக் குறித்துக்கொண்டு, பத்துப் பத்தாகக் கலந்து, எண் போட்ட கிண்ணங்களில் கொண்டுவரட்டும். “எந்த டப்பாடா இது?” “சொல்ல மாட்டேன்கா, நீ சுடு.” அட்டைகள் அளந்து முடித்த பிறகே அவன் தாளைத் திறக்க வேண்டும். ஒரு சல்லிக் காசு செலவில்லாத இந்தச் சோதனை, கடைகளில் கேட்கும் அபிப்பிராயங்கள் பலவற்றைவிட நம்பத்தக்கது. சோதனை முடிந்ததும் இருவரும் கை கழுவ வேண்டும். ஈயம் விரலிலிருந்து வாய்க்குப் போகும் நஞ்சு.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்றைய போட்டித் துப்பாக்கியின் சிலிண்டரில் 200 பார் அழுத்தம். காஞ்சியின் மே மாத வெயிலில் 25 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சிலிண்டர் சூடானால் அது 210 பார் ஆகும். ஆனால் இடையில் ரெகுலேட்டர் என்ற கருவி இருந்து, வால்வுக்கு எப்போதும் ஒரே அழுத்தத்தை அளந்து தருகிறது. நல்ல நிலையில் அது இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் குண்டுக்குப் போய்ச் சேராது. ரெகுலேட்டரின் இருக்கை தேய்ந்தால் அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்து ஏறும். அதன் அடையாளம் தனித்துவமானது: சற்று நேரம் ஓய்வுகொடுத்த பின் சுடும் முதல் குண்டு மட்டும் மேலே போகும், அடுத்தவை சரியாக விழும். இதை மூச்சு செய்யாது. இந்த ஒரு நோய்க்கு வீட்டு வைத்தியம் வேண்டாம். அழுத்தச் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பயிற்சி பெற்றவர்தான் பிரிக்க வேண்டும். சிலிண்டரின் காலாவதித் தேதியையும் பார்த்து மாற்ற வேண்டும்.

கருவி முடிந்தது என்று நினைக்கும்போது, கையும் கருவியும் அல்லாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிந்த்ரா தகுதிச்சுற்றில் 597 எடுத்து மூன்றாவதாக வந்து, இறுதியில் ஏழாவது இடத்துக்குச் சரிந்தார். மனம் உடைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள், அவர் உட்பட. அவர் நின்ற இடத்தில் தரை டைல் தளர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது என்று பின்னர்தான் அவருக்குத் தெரியவந்தது. ஐந்தரை கிலோ வரை எடையுள்ள துப்பாக்கியைத் தூக்கி நிற்பவரின் காலடி அசைந்தால், அந்த அசைவு இடுப்பு, தோள் வழியாகக் குழல்முனை வரை போய்ச் சேரும். தவறு தன்னிடமா கருவியிடமா என்று தேடிய கேள்விக்கு விடை தரையில் இருந்தது. ஒளியும் அப்படித்தான். கண்ணருகே உள்ள ஊசித்துளை வழியாக முன் வளையத்தைப் பார்த்து, அதற்குள் கரும்புள்ளியை நடுவில் நிறுத்துவதே குறிபார்ப்பது. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் வளையத்தின் அந்த விளிம்பு மினுங்கி, நடு எது என்பதில் கண் ஏமாறும். பெய்ஜிங்கின் பெரிய அரங்கத்துக்குப் பழகிக்கொள்ள பிந்த்ரா சண்டிகரில் ஒரு திருமண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்தார். கல்யாண மண்டபத்துக்குப் பஞ்சமே இல்லாத நம் ஊர்களுக்கு இது நல்ல யோசனை. நம் மாணவியின் வீட்டில் குண்டுகள் கண்டபடி போகத் தொடங்கிய சமயத்தில் என்ன மாறியது என்று கேளுங்கள். தறிக்கு வெளிச்சம் வேண்டுமென்று அப்பா கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருக்கலாம். காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் குண்டுகள் ஒதுங்கினால் அந்த ஓட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக உடல். கண்ணை மூடி, துப்பாக்கியைத் தூக்கி இயல்பாக நின்று, இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தால் குழல் எங்கே பார்க்கிறது? அதுதான் உடல் தானாகத் தேர்ந்துகொண்ட திசை. அது இலக்குக்கு இடப்பக்கம் இருந்தால், ஒவ்வொரு முறையும் தசையால் இழுத்துக்கொண்டுவந்து சுடுகிறோம் என்று அர்த்தம். தசை களைக்கக் களைக்க குண்டுகள் ஒன்றொன்றாக இடப்பக்கம் நழுவும். மருந்து, பாதங்களைச் சற்றே திருப்பி வைப்பது. அடுத்து, குண்டில்லாமல் விசையை மட்டும் அழுத்திப் பார்ப்பது. இதற்கென்றே தனி அமைப்பு போட்டித் துப்பாக்கிகளில் உண்டு. சுருள்வில் துப்பாக்கியில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, பிஸ்டன் அடிபடும். “டிக்” என்ற ஒலியோடு முன் வளையம் துள்ளினால், விரல் விசையை அழுத்தவில்லை, பிடுங்குகிறது. துள்ளாமல் நின்றுவிட்டால் அவள் கை நலமாக இருக்கிறது, திரும்பவும் ஆணிகளின் பக்கம் போகலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப்புத்தகம் வேண்டும். தேதி, வெயில், குண்டின் டப்பா எண், சைட்டின் கிளிக் நிலை, அட்டை. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, நோயும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பினால்தான் கண்டுபிடித்தது காரணம். திரும்பாவிட்டால் அது தற்செயல்.

போட்டித் துப்பாக்கியைத் தொட்டிராதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். காஞ்சியின் திருவிழாக் கூட்டத்தில் பலூன் சுடும் கடை ஒன்றில் நில்லுங்கள். அங்கே இருப்பது சுருள்வில் துப்பாக்கி. குண்டு குழலைவிட்டுப் போகும் முன்பே உள்ளே கனமான பிஸ்டன் பாய்ந்து துப்பாக்கியைக் குலுக்கிவிடும். அதனால் அழுத்திப் பிடிக்காமல், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் லேசாகத் தாங்க வேண்டும். நடுப்பலூனின் மையத்தைக் குறிபார்த்து முதல் குண்டு. வெடிக்காவிட்டால் பின்திரையில் எங்கே பட்டது என்று பாருங்கள். குறியை மாற்றாமல் அதே மையத்துக்கு இரண்டாவது குண்டு. இரண்டும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால், மூன்றாவதை அதே அளவு எதிர்ப்பக்கம் தள்ளிக் குறிபாருங்கள். இரண்டும் வெவ்வேறு பக்கம் போயிருந்தால், கடைக்காரரைக் குண்டு போடச் சொல்லி, அவர் குழலை மடக்கி நிமிர்த்தும் மூட்டைக் கவனியுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் குழல் ஒவ்வொரு தடவையும் வேறு கோணத்தில் பூட்டிக்கொள்கிறது. அதை எந்தக் குறியாலும் ஈடுகட்ட முடியாது. அந்த மூட்டாணியைத்தான் ஸ்பானர் கொண்டு இறுக்க வேண்டும்.